செயலின் காட்சியிலிருந்து ஆங்கில வாக்கியத்துக்கு: ஒரு முழுமையான வழிகாட்டி

'பாட்டிலில் தண்ணீர் நிரப்பு' என்பதை 'ஃபில் வாட்டர் இன் தி பாட்டில்' என்று சொல்பவர்கள் நம்மிடையே ஏராளம். சொற்கள் சரி, காலம் சரி, எழுத்துப் பிழையும் இல்லை. ஆனாலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் 'ஃபில் தி பாட்டில் வித் வாட்டர்' என்றுதான் சொல்வார். அதே ஆள் 'ஊற்று' என்பதற்கு 'போர்' என்ற வினையை எடுத்தால் 'போர் வாட்டர் இன்டு தி பாட்டில்' என்பார். ஒரே பாட்டில், ஒரே தண்ணீர், ஒரே கை. வாக்கியம் மட்டும் தலைகீழாகிறது.

இதை மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்வதுதான் பல வகுப்புகளில் வழக்கம். அது வீண் சுமை என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு வினையும் தனக்குள் ஒரு சிறு காட்சியை வைத்திருக்கிறது: யார் செய்கிறார், எது நகர்கிறது, எது மாறுகிறது, எது எதைத் தொடுகிறது. ஆங்கில வாக்கியத்தின் வடிவம் பெரும்பாலும் அந்தக் காட்சியிலிருந்துதான் பிறக்கிறது. காட்சியைப் பிரித்துப் பார்க்கப் பழகினால் நூற்றுக்கணக்கான வினைகளின் நடத்தையை முன்கூட்டியே ஊகிக்கலாம். அந்தப் பழக்கத்தைப் படிப்படியாகப் பார்ப்போம். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

படி 1: காட்சியில் யார் யார், எது எது என்று எழுதுங்கள்

இந்த வேலை நமக்குப் புதிதல்ல. ஒரு வினை நடக்கச் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்ற ஆறும் வேண்டும் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் வகுத்திருக்கிறார். தொல்காப்பியர் இவற்றோடு 'இன்னதற்கு', 'இது பயனாக' என்ற இரண்டையும் சேர்த்து எட்டு என்பார். குயவன் குடம் வனைகிறான் என்றால், குயவன் செய்பவன், சக்கரம் கருவி, குடம் செய்பொருள்.

ஆங்கில வாக்கியத்தை யோசிக்கும்போது இந்தப் பட்டியலோடு மூன்று கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒன்று இடம்பெயர்கிறதா? ஏதாவது ஒன்றின் நிலை மாறுகிறதா? யாராவது எதையாவது உணர்கிறாரா, பெறுகிறாரா? தொடக்கத்தில் தாளில் எழுதியே செய்யுங்கள். நாளடைவில் மனம் தானாகச் செய்யும்.

படி 2: ஆங்கிலத்தில் இரண்டே இருக்கைகள் என்பதை மனத்தில் வையுங்கள்

'நாய் பூனையைத் துரத்தியது' என்றாலும் 'பூனையை நாய் துரத்தியது' என்றாலும் துரத்தியது நாய்தான். 'ஐ' உருபு அதைக் காப்பாற்றுகிறது. ஆங்கிலத்தில் 'தி டாக் சேஸ்ட் தி கேட்' என்பதில் இடத்தை மாற்றினால் பூனை நாயைத் துரத்திவிடும். பழைய ஆங்கிலத்திலும் பெயர்களுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன. அவை காலப்போக்கில் தேய்ந்து மறைந்தபோது, அவற்றின் வேலையை இடம் எடுத்துக்கொண்டது.

ஆக, வினைக்கு முன்னால் ஓர் இருக்கை, வினைக்குப் பின்னால் ஓர் இருக்கை. இந்த இரண்டில் அமர்பவர்களுக்குத் துணைச்சொல் தேவையில்லை. மற்றவர்கள் எல்லாம் 'வித்', 'ஃப்ரம்', 'இன்டு', 'ஃபார்' போன்ற முன்னிடைச்சொல்லைக் கைப்பிடித்துத்தான் உள்ளே வர முடியும். யார் அந்த இரண்டு இருக்கைகளில் அமர்வது என்பதுதான் ஆங்கில வாக்கிய அமைப்பின் மையக் கேள்வி.

முதல் இருக்கைக்கு முன்னுரிமை வரிசை ஒன்று உண்டு. இதை 1968இல் அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபில்மோர் எடுத்துக்காட்டினார். செய்பவர் வாக்கியத்தில் இருந்தால் அவருக்கே இடம்: 'ஹி ஓபன்ட் தி டோர் வித் எ கீ'. அவரைக் குறிப்பிடாவிட்டால் கருவி அமரலாம்: 'தி கீ ஓபன்ட் தி டோர்'. இருவரும் இல்லையென்றால் செய்பொருளே முன்னால் வந்துவிடும்: 'தி டோர் ஓபன்ட்'. ஆனால் எல்லாக் கருவிக்கும் இந்தத் தகுதி கிடையாது. கரண்டியால் ஐஸ்கிரீம் சாப்பிட்டால் 'தி ஸ்பூன் ஏட் தி ஐஸ்கிரீம்' என்று சொல்ல முடியாது. சாவி பூட்டுக்குள் போனபின் திறக்கும் வேலையைத் தானே செய்வதாக மனம் ஏற்கிறது. உண்ணும் வேலையைக் கரண்டி செய்வதாக ஏற்பதில்லை.

படி 3: வினைக்குள் இருப்பது தொடுதலா, அசைவா, மாற்றமா?

இந்தப் படிதான் வழிகாட்டியின் உயிர். இங்கே நிதானமாக நின்று போவோம். ஃபில்மோர் 1970இல் அடிப்பதையும் உடைப்பதையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரை இந்தத் துறையில் பெரும் வாசலைத் திறந்தது. பின்னர் பெத் லெவின் 1993இல் ஆங்கிலத்தின் ஏறத்தாழ 3000 வினைகளை இதே கண்ணோட்டத்தில் வகைப்படுத்தினார். நாம் நான்கு வினைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்: பிரேக், ஹிட், கட், டச். நான்குமே 'ஒருவர் ஒன்றை' என்ற ஒரே அச்சில் வருபவை. 'ஷி ப்ரோக் தி கிளாஸ்', 'ஷி ஹிட் தி வால்', 'ஷி கட் தி ரோப்', 'ஷி டச்ட் தி கேட்'. மேலோட்டமாகப் பார்த்தால் வேறுபாடு எதுவும் தெரியாது.

முதல் சோதனை: செய்தவரை நீக்கிவிட்டுச் செய்பொருளை முன்னால் கொண்டுவாருங்கள். 'தி கிளாஸ் ப்ரோக்' சரி. 'தி வால் ஹிட்' என்று அடிபட்டதைச் சொல்ல முடியாது. 'தி கேட் டச்ட்', 'தி ரோப் கட்' ஆகியவையும் நிற்காது. பிரேக் என்ற வினை முழுக்க முழுக்க நிலைமாற்றத்தைப் பற்றியது. யார், எப்படி என்பது பற்றி அதற்கு அக்கறையில்லை. கையிலிருந்து நழுவினாலும் சூட்டில் விரிந்தாலும் அது பிரேக்தான். எனவே மாறிய பொருள் தனியாகவே மேடையேறலாம். கயிறு அறுபடுவதும் மாற்றம்தானே, 'கட்' மட்டும் ஏன் மறுக்கிறது? கட் என்றாலே கூர்மையான ஒன்று வேலை செய்தது என்பது பொருளுக்குள்ளேயே இருக்கிறது. அதைச் செலுத்துவதை மறைத்துவிட்டு அந்தக் காட்சியைக் கற்பனை செய்ய முடியாது.

இரண்டாம் சோதனை: ஆளைச் செய்பொருளாக வைத்து, உடலுறுப்பைத் தனியாகச் சொல்லுங்கள். 'ஐ ஹிட் ஹிம் ஆன் தி ஷோல்டர்' சரி. 'ஐ டச்ட் ஹிம் ஆன் தி ஷோல்டர்' சரி. 'தி கிளாஸ் கட் ஹிம் ஆன் தி ஹேண்ட்' சரி. 'ஐ ப்ரோக் ஹிம் ஆன் தி ஹேண்ட்' மட்டும் பிழை. 'ஐ ப்ரோக் ஹிஸ் ஹேண்ட்' என்றுதான் வரும். தொடுதல் பற்றிய வினைகளில் எந்த இடத்தில் தொட்டது என்பதைத் தனியாகச் சொல்ல வழியுண்டு. பிரேக்குக்குள் தொடுதல் என்ற கூறே இல்லை.

மூன்றாம் சோதனை: வினைக்குப் பின் 'அட்' சேர்த்து, முயன்றதாகவும் முடிவு தெரியாததாகவும் சொல்லிப் பாருங்கள். 'ஷி கட் அட் தி ரோப்' என்றால் கயிற்றை அறுக்கப் பார்த்தாள். அறுந்ததா என்று தெரியாது. 'ஹி ஹிட் அட் தி பால்' என்றால் பந்தை நோக்கி வீசினான். 'டச் அட்', 'பிரேக் அட்' ஆகியவை இந்தப் பொருளில் வருவதில்லை. இந்த அமைப்புக்கு ஓர் அசைவு வேண்டும், அந்த அசைவு தொடுதலில் முடியவும் வேண்டும். டச்சில் தொடுதல் மட்டுமே உள்ளது. பிரேக்கில் இரண்டுமே இல்லை.

இப்போது நான்கும் தனித்தனியே தெளிவாகத் தெரிகின்றன. டச்: தொடுதல். ஹிட்: அசைவும் தொடுதலும். கட்: அசைவு, தொடுதல், மாற்றம் மூன்றும். பிரேக்: மாற்றம் மட்டும். புதிய வினை ஒன்றைச் சந்திக்கும்போது இந்த மூன்று சோதனைகளையும் செய்து பாருங்கள். பென்ட், கிராக், ஷாட்டர் எல்லாம் பிரேக்கின் உறவினர்கள். ஸ்லாப், கிக் போன்றவை ஹிட்டின் பக்கம் நிற்கும்.

தமிழர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே உண்டு. நாம் 'உடைந்தது, உடைத்தான்', 'திரும்பியது, திருப்பினான்', 'ஓடியது, ஓட்டினான்' என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் வினையின் உருவத்தையே மாற்றுகிறோம். ஆங்கிலம் இத்தகைய பல வினைகளில் உருவத்தை மாற்றாமல் இருக்கையை மட்டும் மாற்றுகிறது. அதனால்தான் 'கண்ணாடி உடைந்தது' என்பதற்கு நம் மனம் 'வாஸ் ப்ரோக்கன்' என்று செயப்பாட்டு வினையைத் தேடி ஓடுகிறது. அந்த வடிவம் யாரோ உடைத்தார்கள் என்ற சாயலையோ, ஏற்கெனவே உடைந்து கிடந்தது என்ற பொருளையோ தரும். தானாக உடைந்ததைச் சொல்ல 'தி கிளாஸ் ப்ரோக்' போதும்.

படி 4: நகர்ந்ததைச் சொல்கிறீர்களா, நிறைந்ததைச் சொல்கிறீர்களா?

தொடக்கத்தில் பார்த்த பாட்டிலுக்கு இப்போது வரலாம். ஊற்றும்போது தண்ணீர் ஒரு குறிப்பிட்ட விதமாக நகர்கிறது: தடையின்றி, கீழ்நோக்கி. 'போர்' என்ற வினை அந்த நகர்வைத்தான் படம்பிடிக்கிறது. பாட்டில் நிறைந்ததா, பாதியில் நின்றதா, தரையில் கொட்டியதா என்பது அதற்குப் பொருட்டல்ல. ஆகவே நகரும் தண்ணீருக்கு இரண்டாம் இருக்கை. 'ஃபில்' நேர் எதிர். குழாயிலிருந்து வந்ததா, மழையில் சேர்ந்ததா என்று அது கேட்பதில்லை. காலியாக இருந்த கலம் நிறைந்த கலமாயிற்று, அவ்வளவுதான். நிலை மாறியது பாட்டில். ஆகவே பாட்டிலுக்கு இருக்கை. தண்ணீர் 'வித்' பிடித்து வரும்.

தமிழில் 'குடத்தில் தண்ணீர் நிரப்பினாள்', 'குடத்தைத் தண்ணீரால் நிரப்பினாள்' இரண்டும் செல்லும். முதல் அமைப்பை அப்படியே கொண்டுபோய் ஆங்கிலத்தில் வைப்பதால்தான் பிழை வருகிறது.

விதியைச் சுருக்கமாகச் சொன்னால்: எந்தப் பொருளுக்கு என்ன ஆயிற்று என்று வினை வலியுறுத்துகிறதோ, அந்தப் பொருளுக்கே இரண்டாம் இருக்கை. 'லோட்' போன்ற சில வினைகள் இரு பார்வைக்கும் இடம் தரும். 'தே லோடட் ஹே ஆன்டு தி கார்ட்' என்றால் வைக்கோல் வண்டிக்குப் போயிற்று. வண்டியில் இன்னும் இடம் இருக்கலாம். 'தே லோடட் தி கார்ட் வித் ஹே' என்றால் வண்டி நிறைந்தது என்ற எண்ணம் கேட்பவருக்கு வரும். ஒரு சொல்லைக்கூட அளவு பற்றிச் சொல்லாமல், இருக்கையை மாற்றியதாலேயே அளவு புரிகிறது. ஸ்ப்ரே என்ற வினையும் இப்படித்தான்.

எடுப்பதிலும் இதே கதை. 'ஸ்டீல்' என்றால் போன பொருள் முக்கியம்: 'ஹி ஸ்டோல் மணி ஃப்ரம் தி பேங்க்'. 'ராப்' என்றால் பறிகொடுத்தவர் முக்கியம்: 'ஹி ராப்ட் தி பேங்க்'. 'ஹி ராப்ட் தி மணி' என்று சொன்னால் காதில் உறுத்தும்.

படி 5: கொடுத்தல் என்ற காட்சிக்கு மூன்றாவது இருக்கை

ஒருவர் ஒன்றை இன்னொருவருக்குக் கொடுக்கும் காட்சிக்கு மட்டும் ஆங்கிலம் தாராளமாக இன்னோர் இருக்கை போடுகிறது: 'ஷி சென்ட் ஹிம் எ லெட்டர்'. 'ஷி சென்ட் எ லெட்டர் டு ஹிம்' என்றும் சொல்லலாம். முதலாவது, பெறுபவர் கைக்குப் பொருள் சேர்வதை முன்வைக்கிறது. இரண்டாவது, பொருள் போகும் வழியை. அதனால்தான் 'ஷி சென்ட் எ லெட்டர் டு லண்டன்' இயல்பாக இருக்க, 'ஷி சென்ட் லண்டன் எ லெட்டர்' என்றால் லண்டன் என்பது ஊரல்ல, லண்டன் அலுவலகம் போலும் என்று கேட்பவர் புரிந்துகொள்கிறார். ஊர் எதையும் பெற்று வைத்துக்கொள்ளாது. அலுவலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆனால் காட்சி எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதையும் இங்கே ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 'டெல் மி' சரி, 'எக்ஸ்ப்ளெயின் மி' பிழை; 'கிவ் தெம் மணி' சரி, 'டொனேட் தெம் மணி' பிழை. காட்சியில் பெரிய வேறுபாடு இல்லை. லத்தீன் வழியாக வந்த நீண்ட வினைகள் பல இந்த மூன்றாவது இருக்கையை ஏற்பதில்லை. அது வரலாறு விட்டுச்சென்ற தடம். இத்தகைய வினைகளை மட்டும் தனியே குறித்து வைத்து, 'எக்ஸ்ப்ளெயின் இட் டு மி' என்று பழகிக்கொள்ளுங்கள்.

படி 6: நடையை வினையில் வையுங்கள், வழியை வெளியே வையுங்கள்

'முதியவர் நொண்டிக்கொண்டே சாலையைக் கடந்து வீட்டுக்குள் போனார்.' இந்தத் தமிழ் வாக்கியத்தில் முற்றுவினை 'போனார்'. கடந்ததும் ஒரு வினை. எப்படிப் போனார் என்பது 'நொண்டிக்கொண்டே' என்று எச்சமாக ஒதுங்கி நிற்கிறது. இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'ஹி கிராஸ்ட் தி ரோட் லிம்ப்பிங் அண்ட் வென்ட் இன்டு தி ஹவுஸ்' என்று வரும். பிழையில்லை, ஆனால் ஆங்கிலத்தின் நடை இதுவல்ல. 'ஹி லிம்ப்ட் அக்ராஸ் தி ரோட் அண்ட் இன்டு தி ஹவுஸ்' என்பதே இயல்பு. ஒரே வினை. அந்த வினை நடையின் விதத்தைச் சொல்லிவிடுகிறது. கடந்ததும் நுழைந்ததும் 'அக்ராஸ்', 'இன்டு' என்ற இரு சிறு சொற்களில் அடங்கிவிடுகின்றன.

உலக மொழிகளை இந்த அளவுகோலால் இரண்டாகப் பிரித்துக் காட்டியவர் லெனர்ட் டால்மி. ஆங்கிலமும் ஜெர்மனும் ஒரு பக்கம். ஸ்பானிஷ், ஜப்பானியம், தமிழ் ஆகியவை, வழியை வினையிலேயே சொல்லும் இன்னொரு பக்கம். ஆங்கிலத்தில் ஸ்ட்ரோல், டிரட்ஜ், டிப்டோ, ஸ்டேகர், ஸ்கர்ரி என்று நடைக்கு மட்டும் இவ்வளவு வினைகள் குவிந்திருப்பதற்கும் இந்த அமைப்புக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. விதத்தைச் சொல்லக் கூடுதல் இடம் தேவைப்படாத மொழியில் விதம் சொல்வது எளிது.

பயிற்சி செய்யும் முறை: தமிழ் வாக்கியத்தில் 'கொண்டே' எங்கே வருகிறது என்று தேடுங்கள். அது நகர்வின் விதத்தைச் சொல்கிறதென்றால், அதை ஆங்கிலத்தில் முதன்மை வினையாக்குங்கள். போ, வா, நுழை, ஏறு, இறங்கு போன்ற வினைகளை இன்டு, அவுட், அப், டவுன் என்று மாற்றுங்கள். 'தவழ்ந்துகொண்டே கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது' என்பது 'இட் கிரால்ட் அவுட் ஃப்ரம் அண்டர் தி பெட்' ஆகிவிடும்.

படி 7: விளைவைக் கடைசியில் ஒட்டுங்கள்

மேசையைத் துடைத்தாள், மேசை சுத்தமாயிற்று. ஆங்கிலம் இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் இறுக்கிவிடும்: 'ஷி வைப்ட் தி டேபிள் கிளீன்'. 'ஹி புஷ்ட் தி டோர் ஓபன்', 'ஷி சேங் தி பேபி டு ஸ்லீப்' ஆகியவையும் இந்த வார்ப்பில் வந்தவையே. உலகில் நடந்த வரிசையே சொல்வரிசை: செய்பவர், செயல், பாதிக்கப்பட்டது, விளைவு. இந்த வார்ப்புக்கே சொந்தமாகப் பொருள் உண்டு என்பது 1995இல் ஏடெல் கோல்ட்பெர்க் விரிவாக வைத்த வாதம். தும்மல் போன்ற செயலுக்குச் செய்பொருளே கிடையாது. ஆனாலும் தும்மிய வேகத்தில் மேசையிலிருந்த காகிதக் கைக்குட்டை பறந்ததை 'ஸ்னீஸ்' என்ற வினையை இந்த வார்ப்பில் ஊற்றி ஆங்கிலேயர் சொல்லிவிட முடிகிறது.

ஒரு கட்டுப்பாடு: விளைவு இரண்டாம் இருக்கையில் இருப்பதைத்தான் சேரும். துடைத்துக் களைத்தது அவள் என்று சொல்ல 'டயர்ட்' என்பதைக் கடைசியில் ஒட்டினால், களைத்தது மேசை என்று ஆகிவிடும். தன்னையே பாதித்த விளைவுக்கு 'ஹிம்செல்ஃப்' போன்ற சொல்லை இருக்கையில் வைக்க வேண்டும்: 'ஹி ஷௌட்டட் ஹிம்செல்ஃப் ஹோர்ஸ்', அதாவது தொண்டை கட்டும்வரை கத்தினான்.

படி 8: உணர்வும் நிலையும்

எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும். தமிழில் உணர்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். உணர்வு அவரை வந்தடைகிறது. இன்றைய ஆங்கிலம் உணர்பவரை முதல் இருக்கையில் உட்காரவைத்துவிடுகிறது: 'ஐ நோ', 'ஐ லைக்', 'ஐ வான்ட்'. பழைய ஆங்கிலத்தில் 'லைக்' என்பதன் முன்வடிவம் நம்முடையதைப் போல, உணர்பவரை 'கு' உருபுக்கு ஈடான வடிவத்தில்தான் கொண்டிருந்தது.

முதல் இருக்கையில் இருப்பதாலேயே அவர் செய்பவர் ஆகிவிடவில்லை. இந்த இடத்தில்தான் 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்ற பிழைகள் முளைக்கின்றன. 'இங்' வடிவம் நடந்துகொண்டிருக்கும் செயலுக்கு உரியது. தெரிந்திருப்பதும் தம்பி இருப்பதும் நடக்கும் செயல்களல்ல; அவை நிலைகள். 'இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாய்?' என்ற கேள்விக்கு அது பதிலாகுமா என்று பாருங்கள். 'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்' பதிலாகும், எனவே 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரி. ஹேவ் என்ற அதே சொல்லே காட்சி மாறியதும் 'இங்' ஏற்கிறது.

பயிற்சி: கடைவாசலில் ஒரு காட்சி

வாங்குபவர், விற்பவர், பொருள், பணம். இந்த நால்வர் கூடிய காட்சியை ஃபில்மோர் தம் ஆய்வில் முதன்மை உதாரணமாக்கினார். அதையே ஆறு வினைகளால் எழுதிப் பாருங்கள். 'பை' என்றால் வாங்குபவருக்கும் பொருளுக்கும் இருக்கை. விற்பவர் 'ஃப்ரம்' பிடித்து வருவார், பணம் 'ஃபார்' பிடித்து வரும். 'செல்' என்றால் விற்பவர் முன்னே வருகிறார், வாங்குபவர் 'டு'வோடு பின்னே போகிறார். 'பே' என்றால் பணமோ விற்பவரோ இரண்டாம் இருக்கைக்கு வரலாம், பொருளுக்கு அது கிடையாது: 'ஐ பெய்ட் ஹிம் 50 ருபீஸ் ஃபார் தி மேங்கோஸ்'. 'சார்ஜ்' என்றால் விற்பவர் கேட்ட விலை: 'ஹி சார்ஜ்ட் மி 50 ருபீஸ்'. 'ஸ்பெண்ட்' என்றால் விற்பவருக்கு வாக்கியத்தில் இடமே இல்லை. பணம் இருக்கையில், பொருள் 'ஆன்' பிடித்து: 'ஐ ஸ்பென்ட் 50 ருபீஸ் ஆன் மேங்கோஸ்'. 'காஸ்ட்' என்றால் செய்பவர் யாருமில்லை, பொருளும் பணமும் மட்டும்: 'தி மேங்கோஸ் காஸ்ட் 50 ருபீஸ்'. செய்பவர் இல்லாததால் இதைச் செயப்பாட்டு வினையாக மாற்றவும் முடியாது.

இதை முடித்தபின் சமையலறைக்குப் போய் குக், பாய்ல், சாப், ஸ்டிர், பீல், மெல்ட் ஆகிய ஆறையும் படி 3இன் முதல் சோதனையில் வைத்துப் பாருங்கள். 'தி ரைஸ் இஸ் குக்கிங்' நிற்கும். 'தி ஆனியன் இஸ் சாப்பிங்' நிற்காது. மற்ற நான்கும் எந்தப் பக்கம் சாயும் என்பதை அகராதியைத் திறக்கும் முன் நீங்களே சொல்லிப் பாருங்கள். பிறகு அகராதியின் உதாரண வாக்கியங்களோடு ஒப்பிடுங்கள்.